பத்மினியின் தரையில் ஓட்டை: மேலே தகரம் போட்டால் போதுமா?

தக்கலையிலிருந்து வந்த கேள்வி, 2023 ஜூன் 11

"அப்பாவின் 1986 பிரீமியர் பத்மினி. டிரைவர் காலடியில் கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. மேலே ஒரு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரத்தைப் போட்டு, சுற்றிலும் ஆர்க் வெல்டிங் அடித்து, தார் பூசிவிட்டால் பத்து வருஷம் நிற்கும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். நிற்குமா? இல்லை, பழைய தரையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதிது வைக்க வேண்டுமா?"

ஜூன் 11, இரவு

நிற்காது. எங்கள் வீட்டுப் பத்மினிக்கு 2009இல் இதையேதான் செய்தோம். மூன்று வருஷம் ஓடியது. நான்காவது வருஷம் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தபோது புதுத் தகரம் பளபளவென்று அப்படியே இருந்தது. அதைப் பிடித்திருந்த பழைய தரைதான் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கரைந்து போயிருந்தது. உள்ளங்கை அளவு ஓட்டை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது.

வெட்டித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 12

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நேற்று எழுதியதை மட்டும் பட்டறையில் காட்டினால் "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பார்கள்.

துருப்பிடித்த தகரத்தின் மேல் நல்ல தகரத்தை வைத்தால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு விழும். எவ்வளவு தார் பூசினாலும் அந்த இடுக்கில் ஈரம் ஏறும், ஏறியது வெளியே வராது. நம் குமரி மாவட்டத்தில் அது வெறும் ஈரமும் இல்லை, உப்பு ஈரம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் வருஷத்தில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான் இருக்கும். மழையே பெய்யாவிட்டாலும் அந்த இடுக்கு காய்வதில்லை. மழையும் நமக்கு இரண்டு தடவை, ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. துரு வேறு, இரும்பு இருந்த இடத்தைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். அது வீங்கி, ஒட்டிய தகரத்தைப் பிரித்துத் தள்ளிவிடும்.

எங்கள் வண்டியில் டிக்கித் தரைதான் முதலில் போனது. அப்பா குளச்சலில் மீன் வாங்கிப் பனிக்கட்டியோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் டிக்கியின் மூலையில் தேங்கும். அவருக்குப் பிடித்த நெய்மீனில் பாதி அந்தத் தகரத்தைத் தின்றுவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

முதலில் ஒரு திருப்புளியை எடுத்து, ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'ணங்' என்று கேட்கும். கெட்டது 'சொத்' என்று கேட்கும், சில இடத்தில் திருப்புளியே உள்ளே போய்விடும். 'சொத்' கேட்ட இடத்தை எல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு வெளியே இன்னும் இரண்டு அங்குலம் தள்ளினால் அதுதான் வெட்டும் கோடு. பார்க்கப் பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

ஜூன் 18

வெட்டுவதற்கு முன்னால் கதவைப் பாருங்கள்.

பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் (உடலைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. ஃபியட் 1953இல் இத்தாலியில் வெளியிட்ட 1100இன் வழி வந்த வண்டி அது. தரை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி (பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள்), கூரை, தூண்கள் எல்லாம் சேர்ந்துதான் முதுகெலும்பு. தரையையும் அந்தப் பெட்டியையும் ஒன்றாக வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும். கண்ணுக்குத் தெரியாது, நாலைந்து மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த நிலையிலேயே புதுத் தகரத்தை வெல்டிங் செய்துவிட்டால் தொய்வு அப்படியே நிரந்தரமாகிவிடும்.

2016இல் எங்கள் வண்டியை இரண்டாம் முறையாகச் செய்யக் கொடுத்தபோது நடந்தது இதுதான். ஊர் சொல்லவில்லை, பட்டறையின் பெயரும் சொல்லவில்லை. வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டு தரையையும் ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். வாரக் கடைசியில் போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் கதவு அடையவில்லை. பூட்டின் நாக்கு அரை விரல் கீழே போய் இடித்தது. "கீல் தேய்ஞ்சிருக்கு" என்றார்கள். கீல் தேயவில்லை, முந்தின வாரம் நானே அடைத்த கதவு அது. வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு வந்த கோபத்தைவிட, இனி இந்த வண்டி நேராகாதோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அப்பா போய் ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அதை நேராக்கிக் கொடுத்தவர் குளச்சல் பக்கம் விசைப்படகுக்கு வெல்டிங் செய்யும் ஓர் அண்ணன். கார் அவருடைய தொழிலே இல்லை. வந்து பார்த்தவர், "பிள்ளே, கதவு அடையுதான்னு பாத்துட்டு வெட்டணும். வெட்டிட்டுப் பாக்கப்பிடாது, அதாக்கும் கணக்கு" என்றார். சக்கரத்தில் நிற்க வைத்து, ஜாக்கியால் நடுவை மெல்ல மெல்ல ஏற்றி, கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக வந்ததும் கதவு வாசலில் முக்கால் அங்குலச் சதுரக் குழாயைக் குறுக்கே வைத்துப் புள்ளி வெல்டிங் போட்டார். அதற்குப் பிறகுதான் தரையைத் தொட்டார். ஒரு பக்கம் முழுக்க முடியும்வரை மறுபக்கம் கிரைண்டர் போகவில்லை.

ஆகவே கதவுகளின் இடைவெளியை இப்போதே அளந்து, கதவின் உள்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். காகிதத்தில் எழுதினால் தொலையும்.

ஜூன் 19

நேற்று அவசரத்தில் விட்டுப்போனது. பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கி, வேறு கட்டடத்தில் கொண்டுபோய் வையுங்கள். காலியாக இருக்கிறதே என்று பக்கத்தில் விடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிற்கும் காலி டேங்குதான் ஆபத்து. பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் தரைக்குக் கீழேதான் போகின்றன. பழைய தார்ப் பூச்சை வெட்டுக்கோட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் சுரண்டி எடுங்கள். அது மெல்லப் புகைந்து, எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில்தான் பற்றும். நனைத்த சாக்கு இரண்டும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்க வேண்டும். வெல்டிங் முடிந்து அரை மணி நேரம் யாராவது ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

ஜூலை 2

தகரம் எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பத்மினிக்கு அச்சடித்த தரை என்று பெட்டியில் போட்டு வந்த காலம் போய்விட்டது. சென்னை புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். ஆனால் அதுவும் நம் வண்டியின் வயதுதான், வாங்கும் முன் காந்தமும் திருப்புளியும் கொண்டு போங்கள். பட்டி வைத்து மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

நாங்கள் நாகர்கோவிலில் 18 கேஜ் சி.ஆர். ஷீட் (துத்தநாகம் பூசாத வெறும் இரும்புத் தகரம்) வாங்கினோம். 1.2 மில்லிமீட்டர். 20 கேஜ், அதாவது 0.9, வளைக்கச் சுலபம், வெல்டிங்கில்தான் ஓட்டை விழும். 16 கேஜ் வாங்கினால் உறுதி என்று நினைக்க வேண்டாம். 1.6 மில்லிமீட்டர் தகரத்தைப் பழைய மெல்லிய தகரத்தோடு சேர்த்தால், பெரியது சூடாவதற்குள் சின்னது உருகி ஓடிவிடும்.

பழைய தரையில் நீளவாக்கில் வரம்பு வரம்பாக மேடு அழுத்தியிருப்பார்கள். அழகுக்கு இல்லை. அது இல்லாத தட்டைத் தகரத்தில் கால் வைத்தால் 'டொப் டொப்' என்று அடிக்கும், ஓடும்போது மேளம்போல அதிரும். மேடு போடும் உருளை மெஷின் எங்களிடம் இல்லை. பக்கத்து ஆசாரி ஒருவர் வள்ளம் (நாட்டுப் படகு) கட்டி மிஞ்சிய அயினி மரப் பலகையில் உளியால் ஒரு நீளக் குழி எடுத்துக் கொடுத்தார். குழியின் மேல் தகரத்தை வைத்து, நுனி உருட்டிய கம்பியைப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாக அடித்தால் மேடு விழும். ஒரே அடியில் ஆழம் எடுக்கக்கூடாது, நாலைந்து தடவை போக வேண்டும். முதலில் ரப்பர் மரத்துப் பலகையில் செய்து பார்த்தோம். இரண்டாவது மேட்டிலேயே குழியின் ஓரம் நசுங்கிவிட்டது. அயினி அசையவில்லை.

அந்தப் பலகை இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்டால் தருவேன்.

ஜூலை 23

ஆடிக்காற்று. தோவாளைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் எழுதியிருக்கிறார்: மிக் வெல்டிங் (கேஸ் பாய்ச்சி, கம்பி ஊட்டி அடிப்பது) செய்தால் தையல் முழுக்கப் பொடி ஓட்டை, மெஷின் கோளாறா என்று. மெஷின்மேல் தப்பில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் கேஸ் எப்படி நிற்கும்? உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் மூடி வைப்பதுதான் அந்தக் கேஸின் வேலை. அது பறந்துபோனால் உலோகம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். மூன்று பக்கமும் படுதா கட்டுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். புரட்டாசிவரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

கேட்ட மற்ற விவரம்: கம்பி 0.8 மில்லிமீட்டர், கரண்ட் 40இலிருந்து 60 ஆம்பியருக்குள், அதே கேஜில் ஒரு துண்டுத் தகரத்தில் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியைத் தொடுங்கள். 2.5 மில்லிமீட்டர் ராடு போட்டு ஆர்க் அடிப்பதற்கு 70 ஆம்பியர் பக்கம் வேண்டும். அந்தச் சூட்டில் இந்தத் தகரம் நிற்காது. 2009இல் எங்கள் தரையில் விழுந்த ஓட்டைகளில் பாதி துருவால் வந்தவை அல்ல, ராடால் வந்தவை.

ஜூலை 24

ஜி.ஐ. பற்றி மார்த்தாண்டத்துக்காரர் நியாயமாகக் கேட்கிறார். புது வண்டிகளின் தகரமே துத்தநாகம் பூசித்தானே வருகிறது, நமக்கு மட்டும் ஏன் கூடாது?

முதல் நாள் நான் எழுதியதைப் படித்தால் குற்றம் ஜி.ஐ.மேல் என்று தோன்றும். அது சரியில்லை. எங்கள் தகரம் கெடவே இல்லை என்று நானேதான் எழுதியிருக்கிறேன். குற்றம் மேலே போட்டு ஒட்டிய விதத்தில். ஜி.ஐ. வைக்கலாம். ஆனால் வெல்டிங் விழும் ஓரத்தில் ஒரு அங்குலத்துக்கு இரண்டு பக்கமும் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருக 1500 பக்கம் வேண்டும். ஆகவே பூச்சோடு அடித்தால் இரும்பு உருகும் முன்பே வெள்ளைப் புகை கிளம்பும். தையலும் பொத்தலாகும், மூச்சிலும் போகும். அன்று மாலை வாயில் இரும்புச் சுவை, இரவில் குளிரும் காய்ச்சலும். என் சித்தப்பா மகனுக்கு வந்தது, மலேரியா என்று நினைத்து ரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போனோம். மறுநாள் சரியாகிவிட்டது. பால் குடித்துவிட்டு அடித்தால் ஒன்றும் செய்யாது என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பால் வயிற்றுக்குத்தான் போகும், புகை போவது நுரையீரலுக்கு.

ஆகஸ்ட் 20

இணைப்பைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், ஏனென்றால் இதில் என் மனம் இரண்டு தடவை மாறியிருக்கிறது.

முன்பெல்லாம், ஓரத்தை அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்தால் போதும் என்று சொல்வேன். செய்வதும் சுலபம். பிறகு, எங்கும் ஏற்றவே கூடாது, விளிம்போடு விளிம்பு முட்ட வைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இப்போது நினைப்பது இது: தண்ணீர் தெறிக்கும் தட்டையான தரையில் முட்ட வைப்பதுதான் நல்லது, இடுக்கே இருக்காது. ஆனால் கம்பெனியிலேயே ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டிங் (அழுத்திப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது) செய்த இடங்களில், அதாவது தரை ரன்னிங் போர்டைச் சேரும் ஓரம், சீட் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டம், அதே மாதிரிதான் வைக்க வேண்டும். பலம் அங்கேதான் இருக்கிறது.

அந்த இடங்களில் பழைய ஸ்பாட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் சின்னச் சின்னக் குழியாகத் தெரியும். மேல் தகரத்தை மட்டும் துளைத்துக் கழற்றுங்கள், கீழ்த் தகரம் ஓட்டையாகக்கூடாது. புதுத் தகரத்தில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு, இரண்டு தகரமும் ஒட்டும் பரப்பில் துத்தநாகப் பிரைமர் அடித்து, துளைக்குள் பிரைமரைச் சுரண்டிவிட்டு, இறுக்கிப் பிடித்துத் துளையை வெல்டிங்கால் நிரப்புங்கள். நடுவிலிருந்து தொடங்கி வெளியே சுழற்றி நிரப்பினால் கீழ்த் தகரம் நன்றாகப் பிடிக்கும்.

முட்ட வைக்கும் இடத்தில் தகரத்தின் கனம் அளவுக்கு இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாக வையுங்கள். ஒரு புள்ளி இந்த மூலையில், அடுத்தது எதிர் மூலையில். கை வைத்தால் சூடு பொறுக்கும்வரை காத்திருங்கள். பொறுமை இல்லாமல் ஒரே இழுப்பாக இழுத்த இடம் எங்கள் வண்டியில் இப்போதும் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. அது நான் அடித்தது. அண்ணன் அதை வெட்டி எடுக்கலாம் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன்.

இன்னொன்று. பழைய வண்டிகளில் யாராவது கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து ஒட்டியிருப்பார்கள். மஞ்சளாகத் தெரியும். அதன்மேல் மிக் அடிக்காதீர்கள். பித்தளை கலந்த தையல் விரிசல் விடும். பித்தளை ஓடிய தகரத்தையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடுங்கள்.

செப்டம்பர் 9

அம்பாசிடர் வைத்திருப்பவருக்கு: "உங்களுடையது சேஸிஸ் வண்டி, தரை போனாலும் பயமில்லை" என்று போன மாதம் தனியாகப் பதில் எழுதியிருந்தேன். அது தவறு. அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது, அதுவும் உடலே சட்டமான வண்டிதான். தகரம் கனமாக இருப்பதால் பலருக்கும் அப்படித் தோன்றுகிறது. குறுக்குக் குழாய் உங்களுக்கும் வேண்டும். தனிச் சேஸிஸ் ஜீப்புக்குத்தான்.

அக்டோபர் 30

மும்பையில் இன்றோடு பத்மினி டாக்ஸி கிடையாது. கடைசி வண்டி 2003 அக்டோபர் 29இல் பதிவானதாம், அங்கே டாக்ஸிக்கு உள்ள இருபது வருஷ வரம்பு நேற்றோடு முடிந்தது. வண்டி பிறந்ததும் அதே ஊர், குர்லாவில். கடற்கரை ஊரில் இத்தனை வருஷம் அவற்றை ஓட வைத்த டிங்கர்களை நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 12

தீபாவளி நாளில் வண்டி வேலை பற்றி எழுதுவதா என்று வீட்டில் கேட்கிறார்கள். மழை விட்ட நேரம், எழுதிவிடுகிறேன்.

வெல்டிங் முடிந்ததும் பாதி வேலைதான் முடிகிறது. சூடு பட்ட இடத்தின் பின்பக்கம் பிரைமர் எரிந்து வெற்று இரும்பாக நிற்கும். தரைக்கு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் கைக்கு எட்டும், பூசிவிடலாம். ரன்னிங் போர்டின் உள்பக்கம் எட்டாது. அங்கே மெழுகு அடிக்க வேண்டும். நீளக் குழாயும் நுனியில் சுற்றிலும் தெளிக்கும் மூக்கும் வைத்து, பெட்டிக்குள் கடைசிவரை விட்டு, தெளித்துக்கொண்டே இழுக்க வேண்டும். கீழே உள்ள வடிகால் துளைகளில் மெழுகு சொட்டும். சொட்டினால் நல்லது, துளை திறந்திருக்கிறது. பெயிண்ட் பட்டறைகளில் அந்தத் துளைகளைத்தான் முதலில் பட்டி வைத்து அடைக்கிறார்கள். அடைத்தால் பெட்டி தொட்டியாகிவிடும்.

வேஸ்ட் ஆயில் அடிப்பதை நான் விட்டுவிட்டேன். புழுதி பிடிக்கும், ரப்பர் புஷ் ஊறிப்போகும்.

கருங்கலிலிருந்து ஒருவர் முந்திரித்தோட்டு எண்ணெய் கேட்டிருந்தார். மர வள்ளங்களுக்குப் பூசியது உண்மைதான், மரத்தில் அது பலன் தரும். தோலில் பட்டால் கொப்புளிக்கும். காரின் பெட்டிக்குள் நான் விடவில்லை, விடச் சொல்லவும் மாட்டேன். விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டி வைப்பதுபோல் காருக்கும் வைக்கலாமா என்ற கேள்விக்கு: கட்டி வேலை செய்ய அதுவும் இரும்பும் ஒரே தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கார் காற்றில் நிற்கிறது. பரப்பு முழுக்க இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் துத்தநாகப் பிரைமர்தான் அந்தக் கட்டியின் வேலையைச் செய்கிறது.

டிசம்பர் 20

17, 18 இரண்டு நாள் மழை. தூத்துக்குடி, திருநெல்வேலி நிலைமையைப் பார்க்கும்போது நாம் தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். மழை விட்டதும் கால்மிதியைத் தூக்கினேன்.

ஈரம். ஏழு வருஷமாகக் காய்ந்து கிடந்த தரையில் ஈரம். கை நடுங்கிவிட்டது. தையல்தான் விட்டுவிட்டது என்று டார்ச்சை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் கிடந்தேன். தையல் நன்றாக இருந்தது. பிறகு மகளை உள்ளே உட்கார வைத்து, நான் வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடித்தேன், கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே. முன் கண்ணாடியின் கீழ் மூலைக்குப் போனதும் "அப்பா, வருது" என்று கத்தினாள். ரப்பர் காய்ந்து சுருங்கியிருக்கிறது. தண்ணீர் உள்பக்கமாக இறங்கி, நேராக டிரைவர் காலடிக்குப் போகிறது.

தக்கலைக்காரரே, உங்கள் ஓட்டையும் டிரைவர் காலடியில்தான். தரையை வெட்டும் முன் குழாயைப் பிடித்துப் பாருங்கள். இதை ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

2024 பிப்ரவரி 4

தக்கலைக்காரர் வண்டியை ஜனவரியில் எங்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டார். முன் கண்ணாடி ரப்பர் முதலில் மாறியது. வலப்பக்கத் தரையில் அயினிப் பலகையில் அடித்த மேடுகள் நான்கு, பழையதோடு கோடு சேர்கின்றன. சீட் தண்டவாளத்துப் போல்ட்டுக்கு அடியில் 3 மில்லிமீட்டர் பட்டை வைத்தோம். அவருடைய அம்மா ஒரு நாள் வந்து, தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முன்சீட்டு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

நேற்று வலப்பக்கக் குறுக்குக் குழாயை அறுத்து எடுத்தோம். அண்ணன் வந்திருந்தார். குழாயை எடுத்ததும் யாரும் சொல்லாமலே எல்லாரும் கதவைப் பார்த்தோம். அண்ணன்தான் போய் ஒரு விரலால் தள்ளினார்.

அடைந்தது. அடுத்த ஞாயிறு இடப்பக்கம்.